பெண்கள் கைப்பந்துக் கழகங்களை நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள கழகத் தலைவர்களுக்கும், செயலாளர்களுக்கும், பெண்கள் அணி வைத்திருக்கும் நிறுவனங்களின் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

நான் பதினோரு வருடம் கைப்பந்தில் (வாலிபாலில்) செட்டராக, அதாவது அடிப்பவளுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவளாக, விளையாடியவள். இப்போது விளையாடுவதில்லை. இந்த மடலை எழுதக் காரணம் ஒரு ஆண்டுவிழா மலர். எந்தக் கழகம் என்பது முக்கியமில்லை. நல்ல வழுவழுப்புத் தாளில் அறுபது பக்கம். தலைவர் படம், முன்னாள் தலைவர்கள் படம், பயிற்சியாளரைப் பற்றி நான்கு பக்கம், எந்த வருடம் எந்தக் கோப்பை என்று ஒரு பட்டியல். ஆடிய பெண்களின் பெயரைத் தேடினேன். ஒரு குழுப் படத்துக்குக் கீழே ‘வெற்றி பெற்ற நமது வீராங்கனைகள்’ என்று மட்டும் போட்டிருந்தார்கள். பதின்மூன்று முகம். ஒரு பெயர்கூட இல்லை.

எனக்குக் கோபம் வந்தது. அதைவிட அதிகமாகப் பயம் வந்தது. நான் ஆடிய அணியை மூடியபோது நடந்தது நினைவுக்கு வந்துவிட்டது. மூடுவதாகச் சொன்ன அடுத்த வாரமே அலுவலக அறையைக் காலி செய்தார்கள். கோப்பைகளை எங்கோ கொண்டுபோய் வைத்தார்கள், அது சரி. ஆனால் ஸ்கோர் புத்தகங்கள்? பதினேழு புத்தகங்கள் இருந்தன. யார் எந்த இடத்தில் நின்றாள், யார் சர்வீஸில் எத்தனை பாயிண்ட் போனது, யாரை எப்போது மாற்றினார்கள், எல்லாம் பால்பாயிண்ட் பேனாவில் எழுதியிருக்கும். அவை பழைய பேப்பரோடு எடைக்குப் போய்விட்டன என்பது எங்களுக்கு ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அதுவும் ஒரு வரலாறு என்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

உலகத்தில் மிகப் புகழ்பெற்ற பெண்கள் கைப்பந்து அணி ஒன்றின் கதையை வைத்தே உங்களிடம் பேசுகிறேன். அந்தக் கதை பல மொழிகளில் சொல்லப்பட்டுவிட்டது. ஆனாலும் சரியான ஆள் நடுவில் நிற்கவில்லை என்பது என் அபிப்பிராயம்.

ஜப்பானில் ஒசாக்கா மாநிலத்தில் கைசூகா என்ற ஊர். அங்கே ஒரு பெரிய நூற்பாலை. நிறுவனத்தின் பெயரைச் சுருக்கி நிச்சிபோ என்பார்கள். ஜப்பானிய நூற்பாலைகளில் வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். கிராமங்களிலிருந்து வந்து ஆலை விடுதியில் தங்கியவர்கள். அவர்களுக்கு உடற்பயிற்சியாகவும் பொழுதுபோக்காகவும் ஆலை நிர்வாகங்கள் கைப்பந்தைக் கொடுத்தன. பெரிய செலவில்லை. ஒரு வலை, ஒரு பந்து, ஆலை முற்றத்தில் கொஞ்சம் இடம் இருந்தால் போதும். அப்போது அங்கே ஆடியது ஒரு பக்கத்துக்கு ஒன்பது பேர் நிற்கும் ஆட்டம். அதில் ரொட்டேஷன் கிடையாது, நின்ற இடம் நின்ற இடம்தான். நிச்சிபோவுக்குப் பல ஊர்களில் ஆலைகள் இருந்தன, ஒவ்வொன்றிலும் ஆடுகிற பெண்கள் இருந்தார்கள். அவர்களில் திறமையானவர்களை கைசூகாவில் ஒன்றாகச் சேர்த்து 1954இல் ஒரே அணியாக்கினார்கள். நிச்சிபோ கைசூகா என்ற பெயர் அப்படி வந்தது.

பயிற்சியாளர் ஹிரோபூமி டைமாட்சு. அதே நிறுவனத்து ஊழியர். இரண்டாம் உலகப்போரில் இம்பால் போர்முனையிலிருந்து உயிரோடு திரும்பியவர்களில் ஒருவர். ‘பேய் டைமாட்சு’ என்றுதான் ஜப்பானியர் அவரை அழைத்தார்கள். பெண்கள் பகலில் ஆலை அலுவலகத்தில் வேலை பார்ப்பார்கள். மாலை நாலு மணி வாக்கில் பயிற்சி தொடங்கினால் நள்ளிரவு ஆகிவிடும், சில நாள் அதையும் தாண்டும். மறுநாள் காலை திரும்ப வேலை.

அவர்கள் உலகத்துக்குக் கொடுத்தது உருண்டு எடுக்கும் முறை. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். இன்று கோர்ட்டில் இதைச் செய்கிற சின்னப் பெண்களுக்கே இது எங்கிருந்து வந்தது என்று தெரியாது. பந்து நம் கைக்கு எட்டாமல் பக்கவாட்டில் விழப்போகிறது. சாதாரணமாக என்ன செய்வோம்? பாய்வோம், ஒரு கையால் தட்டுவோம், தரையில் விழுந்து கிடப்போம். நாம் எழுந்திருப்பதற்குள் எதிரணி அடுத்த அடியை அடித்துவிடும். நிச்சிபோ பெண்கள் பந்தைத் தொட்ட கையோடு தோளைத் தரையில் கொடுத்து, முதுகில் உருண்டு, கால் தரையைத் தொட்டதும் எழுந்து நின்றுவிடுவார்கள். எப்படித் தள்ளினாலும் நிமிர்ந்துவிடும் பொம்மை இருக்கிறதே, அதிலிருந்துதான் டைமாட்சுவுக்கு இந்த யோசனை வந்தது என்பார்கள். யோசனை அவருடையதாகவே இருக்கட்டும். தோள் யாருடையது? நான் பத்தொன்பது வயதில் இதைக் கற்றுக்கொண்டபோது முதல் பத்து நாள் இடது தோளைத் தூக்கித் தலைவாரிக்கொள்ள முடியவில்லை. இடுப்பெலும்பின் மேல் கன்றிப்போய், நீலம் பச்சையாகி, பச்சை மஞ்சளாகி, அது ஆறுவதற்குள் அதே இடத்தில் திரும்ப அடிபடும். எங்களுக்குச் சொல்லிக்கொடுக்க, ஏற்கெனவே செய்து காட்டிய ஒரு தலைமுறை இருந்தது. அவர்களுக்கு அதுவும் இல்லை. எந்தத் தோள்பட்டை முதலில் தரையில் பட வேண்டும், தலையை எந்தப் பக்கம் சாய்க்க வேண்டும் என்பதைத் தங்கள் உடம்பை வைத்தே கண்டுபிடித்தார்கள்.

ஒன்பது பேர் ஆட்டத்தில் உள்நாட்டில் வெல்ல ஆளில்லை என்ற நிலையில் இருந்தவர்கள், உலகப் போட்டிகளுக்காக ஆறு பேர் ஆட்டத்துக்கு மாறினார்கள். விளையாடியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று புரியும். ஒரே இடத்தில் நின்று பழகியவள் இப்போது ஆறு இடத்திலும் நிற்க வேண்டும், முன்னால் ஸ்மாஷும் அடிக்க வேண்டும், பின்னால் பந்தும் எடுக்க வேண்டும். மாறிய சில வருடத்திலேயே, 1960இல் பிரேசிலில் நடந்த உலக சாம்பியன்ஷிப் போட்டியில் ஜப்பானுக்கு இரண்டாம் இடம். 1961இல் நிச்சிபோ அணி ஐரோப்பாவுக்குப் போய் இருபதுக்கும் மேற்பட்ட ஆட்டங்களை வரிசையாக வென்றது. ‘கீழ்த்திசைச் சூனியக்காரிகள்’ என்ற பெயர் அந்தப் பயணத்தில் ஒட்டிக்கொண்டதுதான். 1962இல் மாஸ்கோவில், சோவியத் அணியை அதன் சொந்த மண்ணிலேயே வென்று உலக சாம்பியன் பட்டத்தை எடுத்துக்கொண்டு வந்தார்கள். அதற்கு முன் நடந்த மூன்று உலகப் போட்டிகளிலும் பட்டம் சோவியத் பெண்களிடம்தான் இருந்தது.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் மாஸ்கோ வெற்றிக்குப் பின்னால் வருகிறது. உலகப் பட்டம் கிடைத்தாயிற்று, இத்துடன் போதும் என்றுதான் அவர்கள் நினைத்தார்கள். கல்யாண வயது தாண்டுகிறது என்று ஊர் சொல்லத் தொடங்கிய காலம். செட்டரும் அணித் தலைவியுமான மசாயே கசாய் 1933இல் பிறந்தவர், அப்போது வயது இருபத்தொன்பது. ஆனால் டோக்கியோ ஒலிம்பிக்கில் கைப்பந்து முதன்முதலாகச் சேர்க்கப்படப் போகிறது. தொடர்ந்து ஆடுங்கள் என்று நாடெங்கிலுமிருந்து ஆயிரக்கணக்கில் கடிதங்கள் வந்து குவிந்தன. இன்னும் இரண்டு வருடம் ஆடுவதென்று முடிவானது. அந்த முடிவு தங்களுடையது என்றே வீராங்கனைகள் பின்னாளில் பேசியிருக்கிறார்கள். கதை சொல்கிறவர்கள் இந்த இடத்தை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். இந்தக் கதையின் அச்சாணியே இதுதான் என்பேன். நள்ளிரவுப் பயிற்சி எப்படி இருக்கும் என்று தெரியாமல் முதலில் வந்தவர்கள், இந்த முறை நன்றாகத் தெரிந்தே திரும்ப வந்தார்கள்.

1964 அக்டோபர் 23. கோமசாவா அரங்கு. எதிரே சோவியத் அணி. அன்று ஜப்பான் நாட்டுக்கே மனம் நொந்த நாள். தங்கள் சொந்த விளையாட்டான ஜூடோவில், எடைப் பிரிவில்லாத போட்டியின் தங்கத்தை நெதர்லாந்தின் ஆன்டன் கீசிங்கிடம் இழந்திருந்தார்கள். ஜப்பானியப் பெண்கள் அணியின் பன்னிரண்டு பேரில் பத்துப் பேர் நிச்சிபோ கைசூகாவினர். முதல் செட் 15-11. இரண்டாவது 15-8. மூன்றாவது செட்டில் ஜப்பான் பதினான்கில் நிற்கிறது, இன்னும் ஒரு பாயிண்ட் எடுத்தால் தங்கம்.

அந்தக் காலத்து விதியை இளையவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சர்வீஸ் போடும் அணிக்குத்தான் பாயிண்ட். மற்ற அணி ஆட்டத்தை வென்றால் சர்வீஸ் மட்டும்தான் கைமாறும், பாயிண்ட் ஏறாது. அதனால் ஒரு பாயிண்ட்டுக்காக மாறி மாறி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஆட்டம் இழுக்கலாம். சோவியத் பெண்கள் விடாமல் துரத்தி 13க்கு வந்துவிட்டார்கள். வானொலி தொலைக்காட்சிகளைச் சுற்றி நாடே கூடியிருந்தது. டோக்கியோவைச் சுற்றியுள்ள கான்டோ வட்டாரத்தில் தொலைக்காட்சி இருந்த வீடுகளில் 66.8 சதவீதம் இந்த ஆட்டத்தைப் பார்த்தன. விளையாட்டு ஒளிபரப்பில் அந்த எண்ணை அங்கே இன்னும் எதுவும் மிஞ்சவில்லை. கடைசியில் சோவியத் வீராங்கனையின் கை வலையைத் தாண்டிவிட்டது. நடுவர் விசில். 15-13. ஒலிம்பிக்கில் பெண்கள் ஆடிய முதல் குழு விளையாட்டின் முதல் தங்கம், ஒரு நூற்பாலை அணியின் கைக்குப் போயிற்று.

சரி, இதற்குப் பிறகு என்ன சொல்லப்பட்டது என்று பாருங்கள். பயிற்சியாளரின் பெயர் நாட்டின் வாயில் எல்லாம் புகுந்தது. அவர் எழுதிய நூல்கள் விற்றுத் தள்ளின. 1968இல் மேலவை உறுப்பினரானார். அணித் தலைவியைப் பற்றி நாடு பேசிய பெரிய விஷயம் அவருடைய கல்யாணம். பிரதமர் எய்சாகு சாட்டோவே முன்னின்று அவருக்கு வரன் பார்த்துக் கொடுத்தார் என்பது அந்தக் காலத்துப் பெரிய செய்தி. கைப்பந்துப் புகழ் மண்டபத்தில் டைமாட்சுவை 2000இல் சேர்த்தார்கள். கசாயை 2008இல் சேர்த்தார்கள். எட்டு வருட இடைவெளி பெரிதில்லை என்று நீங்கள் சொல்லலாம். எனக்கு அது பெரிதாகத்தான் படுகிறது. பந்தைத் தொட்டவர் அவர்.

டைமாட்சுவைக் குறைத்துச் சொல்லவில்லை. அவர் இல்லாமல் அந்த அணி இல்லை. ஆனால் ஒரு மனிதரின் கண்டிப்பால் மட்டும் எல்லாம் நடந்தது என்று சொல்வதற்கு எதிரான சாட்சி அதே அணியின் ஏட்டிலேயே இருக்கிறது. நிச்சிபோ கைசூகா 1959இல் தொடங்கி 1966 வரை தொடர்ந்து வென்ற ஆட்டங்கள் 258. ஒலிம்பிக் முடிந்த சில மாதத்தில், 1965இல், டைமாட்சு விலகிவிட்டார். கசாயும் மற்ற மூத்தவர்களும் விலகிவிட்டார்கள். வெற்றி நிற்கவில்லை! புதுப் பயிற்சியாளரின் கீழ், இளம்பெண்கள் அதை மேலும் ஒன்றரை வருடம் இழுத்துக்கொண்டு போனார்கள். 1966 ஆகஸ்டில் கேமரா நிறுவனமான யாஷிகாவின் அணியிடம் தோற்றபோதுதான் அந்தத் தொடர் அறுந்தது.

அந்த இளம்பெண்களை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். தங்கம் வென்ற அக்காக்களின் இடத்தில் நிற்க வேண்டும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எதிரணி ‘இன்றைக்காவது இவர்களை வீழ்த்திவிட வேண்டும்’ என்று வருகிறது. ஜெயித்தால் அது வழக்கம், தோற்றால் அது செய்தி. இந்த நிலையில் நான் நின்றிருக்கிறேன், நூறில் ஒரு பங்கு அளவுக்கு. மூத்த செட்டர் ஓய்வு பெற்ற வருடம், நான் தூக்கிக் கொடுத்த முதல் பந்தே வலையில் மோதியது. பின்வரிசையிலிருந்து யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அடுத்த பந்துக்கு என் ஸ்பைக்கர் சீக்கிரமே ஓடி வந்து ‘எங்கே போட்டாலும் அடிக்கிறேன், போடு’ என்றாள். அவள் பெயர் எந்த மலரிலும் இல்லை.

கழகம் என்று நாம் சொல்வது இந்தக் கைமாற்றத்தைத்தான். ஒருத்தி இன்னொருத்தியிடம் இடத்தைக் கொடுத்துவிட்டுப் போவது. கைசூகாவில் அது நடந்திருக்கிறது, 258 என்ற எண்ணின் பின்பகுதியே அதற்குச் சாட்சி. ஆனால் 1964இல் களத்தில் நின்ற ஆறு பேரைப் பற்றி எழுதியதில் நூறில் ஒரு பங்குகூட 1966இன் பெண்களைப் பற்றி எழுதவில்லை.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு இது நேரடியாகத் தொடர்புள்ளது. 1969இல் நிச்சிபோ இன்னொரு நிறுவனத்தோடு இணைந்து யூனிடிகா ஆனது. அணியும் பெயர் மாறியது. யாஷிகா, ஹிட்டாச்சி முசாஷி என்று வேறு நிறுவன அணிகள் மேலே வந்தன. பிறகு ஜப்பானில் பொருளாதாரம் தளர்ந்த காலத்தில் நிறுவனங்கள் வரிசையாக விளையாட்டு அணிகளைக் கைவிட்டன. யூனிடிகாவும் 2000இல் கைவிட்டது. வீராங்கனைகள் தோரே நிறுவனத்துக்கு மாற்றப்பட்டு, ஷிகா மாநிலத்தின் ஓட்சு நகரில் தோரே ஆரோஸ் என்ற பெயரில் ஆடத் தொடங்கினார்கள். அடுத்த வருடமே ஹிட்டாச்சி அணியும் கலைக்கப்பட்டது. அதை ஏற்று நடத்த அப்படி ஒருவர் வரவில்லை. தோரேக்கு மாறியவர்களோ பின்னால் தேசிய லீக்கை 2008, 2009, 2010 என்று அடுத்தடுத்து மூன்று முறை வெல்லும் அளவுக்கு அணியை வளர்த்தார்கள். ஒரு அணியை மூட நேர்ந்தாலும் ஆட்களை அப்படியே இன்னொரு கூரைக்குக் கீழே கொண்டுபோய்ச் சேர்க்க முடியும் என்பதற்கு இது நல்ல முன்னுதாரணம். கைசூகாவிலும் பழைய ஆலை அலுவலகக் கட்டடத்தில் நகராட்சி ஒரு காட்சியகம் நடத்துகிறது, சூனியக்காரிகளின் நினைவுகள் அங்கே இருக்கின்றன. ஆலை போய்விட்டது, ஊர் மறக்கவில்லை.

உங்களிடம் நான் கேட்பது இதற்குள்ளேயே இருக்கிறது. உங்கள் கழகத்தின் வரலாற்றை எழுதும்போது ஆடியவர்களை உட்காரவைத்து எழுதுங்கள். ஒரே ஒரு பருவம் ஆடிவிட்டுக் கல்யாணமாகிப் போனவளையும், முழு வருடமும் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் எடுத்துக் கொடுத்தவளையும் சேர்த்துக் கூப்பிடுங்கள். தோற்ற வருடங்களையும் எழுதுங்கள். அணி உடைந்து போகாமல் யார் பிடித்து வைத்திருந்தார்கள் என்பது அந்த வருடங்களில்தான் தெரியும். காயங்களை மறைக்காதீர்கள். முழங்கால் போனவள், தோள் போனவள், அப்புறம் யாரும் கூப்பிட்டு எப்படி இருக்கிறாய் என்று கேட்காதவள், இவர்களெல்லாம் வரலாற்றில் வர வேண்டும். நள்ளிரவுப் பயிற்சியைப் பெருமையாக மட்டும் எழுதுவது எனக்குச் சம்மதமில்லை. அது எவ்வளவு கடுமையாக இருந்தது, அதில் எது தேவை, எது தேவையில்லாதது என்பதைச் சொல்லும் உரிமை அதைச் செய்தவர்களுக்கு உண்டு. அவர்களிடம் கேட்டு அவர்கள் வார்த்தையிலேயே போடுங்கள்.

இதற்கு அவசரம் இருக்கிறது. கசாய் 2013இல் காலமானார். அந்த ஆறு பேரில் வேறு சிலரும் போய்விட்டார்கள். அவர்களையாவது உலகம் தேடிவந்து கேட்டுப் பதிவு செய்தது. உங்கள் கழகத்தின் முதல் அணியை அப்படி யாரும் தேடிவரப் போவதில்லை, நீங்கள்தான் போக வேண்டும். போனில் பேசி ஒலிப்பதிவு செய்தாலே போதும், பெரிய ஏற்பாடு ஒன்றும் வேண்டாம். பழைய படங்களை அவர்கள் கையில் கொடுத்து, யார் யார் என்று கேட்டு, படத்தின் பின்பக்கம் பென்சிலால் பெயர் எழுதி வையுங்கள். பேனா வேண்டாம், மை முன்பக்கம் ஊறிவிடும்.

ஒருவேளை அணியை மூட வேண்டிய நிலை உங்களுக்கு வந்தால், அதை வீராங்கனைகளிடம் முதலில் சொல்லுங்கள், செய்தியாளர்களிடம் பிறகு. ஸ்கோர் புத்தகங்களை மூத்த வீராங்கனை ஒருவரிடமோ, ஊர் நூலகத்திடமோ கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படையுங்கள்.

பெயரில்லாத அந்தப் பதின்மூன்று பேர் படத்தை நான் எடுத்து வைத்திருக்கிறேன். இரண்டு பேரைக் கண்டுபிடித்துவிட்டேன், ஒருவரோடு ஒருவர் பேசி ஐந்து பேர் ஆகிவிட்டது. மீதி எட்டுப் பேரின் பெயரைச் சொல்ல அந்தக் கழகத்துக்கு மனமிருந்தால் உடனே வந்து உட்கார்ந்து எழுதிக்கொள்ள நான் தயார்.

அன்புடன்,
ஒரு பழைய செட்டர்